‘பிகர்’ என்றால் இரண்டு ஜி, ‘சீப்பர்’ என்றால் ஒரே பி: ஏன்?

கேள்வி: அலுவலகத்தில் ஆங்கில அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. சமீபத்தில் எழுதிய ஒன்றில் ‘பிகர்’ என்பதற்கு ஒரே ஜி போட்டிருந்தேன். ‘சீப்பர்’ என்பதற்கு இரண்டு பி. இன்னோர் இடத்தில் ‘மோர் ஈஸியர்’ என்று வந்துவிட்டது. மேலதிகாரி மூன்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். பாசிட்டிவ் (பெரிய), கம்பேரட்டிவ் (அதைவிடப் பெரிய), சூப்பர்லேட்டிவ் (எல்லாவற்றிலும் பெரிய) என்று மூன்று கட்டம் போட்டுப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன்தான் நானும். எப்போது எழுத்தை இரட்டிக்க வேண்டும்? எப்போது ‘இ-ஆர்’ சேர்க்க வேண்டும், எப்போது ‘மோர்’ போட வேண்டும்? எல்லாச் சொற்களுக்கும் ஒரு பட்டியல் தந்தால் உருப்போட்டுவிடுவேன். கூடவே ஒரு சின்ன சந்தேகம்: என் மகள் ‘ஃபன்னர்’ என்று சொல்கிறாள். அப்படி ஒரு சொல் உண்டா?

பதில்: பட்டியல் தரப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று கட்டப் பட்டியலை உருப்போட்டவர்கள்தான் உங்களைப் போலவே ‘பிகர்’ரில் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவர்களின் கட்டுரைகளைத் திருத்துவதுதான் என் தொழில் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். பட்டியலில் இருக்கும் இருபது சொல் நினைவில் நிற்கும், இருபத்தொன்றாவது சொல் வந்தால் கை நின்றுவிடும். அதைவிட, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு தமிழ் விதியை எடுத்துக்கொள்ளலாம்.

‘கண்’ என்ற சொல்லோடு ‘இல்’ சேர்த்தால் என்ன ஆகிறது? கண்ணில். ‘கால்’ என்பதோடு சேர்த்தால்? காலில். ஒன்றில் எழுத்து இரட்டிக்கிறது, இன்னொன்றில் இரட்டிக்கவில்லை. ‘கண்’ என்பதில் இருப்பது குறில், ‘கால்’ என்பதில் இருப்பது நெடில். ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்று நன்னூல் சொல்வது இதைத்தான். தனியாக ஒரு குறில், அதன் பின் ஒரு மெய்யெழுத்து, அதை அடுத்து உயிரில் தொடங்கும் ஒன்று வந்து சேர்ந்தால் அந்த மெய் இரட்டிக்கும். கல் + எறி கல்லெறி ஆவதும், பல் + இல் பல்லில் ஆவதும், வாள் + ஆல் வாளால் என்று இரட்டிக்காமல் நிற்பதும் இந்த விதிப்படிதான்.

இதே விதியை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். ‘இ-ஆர்’, ‘இ-எஸ்-டி’ இரண்டும் இ என்ற உயிரில் தொடங்குபவை. ‘பிக்’ என்பதில் ஒரு குறில், கடைசியில் ஒரு ஜி. ஆகவே ஜி இரட்டிக்கும். ‘தின்’ என்பதில் என் இரட்டிக்கும், ‘ஹாட்’, ‘வெட்’ இரண்டிலும் டி இரட்டிக்கும், ‘ஸ்லிம்’ என்பதில் எம் இரட்டிக்கும். ‘சீப்’, ‘டீப்’, ‘கூல்’, ‘கிரேட்’ எல்லாம் நெடில். அவை ‘கால்’ போன்றவை, இரட்டிக்காது. உங்கள் அறிக்கையில் வட்டமிடப்பட்ட முதல் இரண்டு இடங்களுக்கும் பதில் இவ்வளவுதான். சூப்பர்லேட்டிவுக்கும் இதே கணக்கு என்பதால் அதைத் தனியாகச் சொல்லப்போவதில்லை. (பி, டி என்ற பெயர்கள் தமிழில் எழுதும்போது இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பொது. எது எதுவென்று சொல்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.)

‘ஹாட்’ என்பதைக் குறில் என்கிறேனே, தமிழில் ‘ஹா’ என்று நெடிலாக அல்லவா எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். நியாயம். அந்த ஒலிக்குச் சரியான எழுத்து நம்மிடம் இல்லாததால் அப்படி எழுதுகிறோம். ஆங்கிலேயர் வாயில் அது குட்டையான ஒலி. ‘ஃபேட்’, ‘சேட்’ (குண்டு, வருத்தம்) இரண்டுக்கும் இதே கதைதான். இந்த ஓரிடத்தில் மட்டும் தமிழ் எழுத்தை நம்பாமல் ஆங்கில ஒலியைக் கேட்க வேண்டும்.

ஆங்கிலம் ஏன் இப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் விதி மறக்காது. குறிலுக்கு ஓர் எழுத்து, நெடிலுக்கு வேறோர் எழுத்து என்று நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற ஐந்தே எழுத்துகள் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். அதனால் முன்னால் இருக்கும் உயிர் குறிலா, நெடிலா என்பதை அடுத்து வரும் மெய்யெழுத்துகளின் எண்ணிக்கையை வைத்துக் காட்டுகிறார்கள். ஒரு மெய் வந்து அதன் பின் இ வந்தால் நெடிலாகப் படிப்பது வழக்கம், இரண்டு மெய் வந்தால் குறிலாக. ‘டைனர்’ என்பதில் ஒரு என், ‘டின்னர்’ என்பதில் இரண்டு என். ‘ஃபைன்’ ஃபைனர் ஆகும்போது ஒரே என், ‘தின்’ தின்னர் ஆகும்போது இரண்டு. ‘ஹாட்டர்’ என்பதை ஒரே டி போட்டு எழுதினால், படிப்பவர் ‘ஹோட்டர்’ என்று படிப்பார்.

இதற்கு மிக அழகான சான்று ‘லேட்’ என்ற ஒரே சொல்லுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒரு டி போட்டால் ‘லேட்டர்’, அதாவது பிற்பாடு. இரண்டு டி போட்டால் ‘லாட்டர்’, அதாவது சொன்ன இரண்டில் பின்னது. இரண்டுமே கம்பேரட்டிவ் வடிவங்களாகப் பிறந்தவை. ஓர் எழுத்து கூடினால் ஒலி, பொருள் இரண்டும் மாறிவிடுகின்றன. அலுவலகக் கடிதங்களில் இந்த இரண்டையும் மாற்றிப்போடுவது தினசரிக் காட்சி. இரண்டுமே அகராதிச் சொற்கள் என்பதால், எழுத்தை மட்டும் சரிபார்க்கும் கருவிகள் பெரும்பாலும் சும்மா இருந்துவிடும்.

சரி, தமிழ் விதியும் ஆங்கில விதியும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்றால் நாம் ஏன் இதில் குறிப்பாகத் தவறுகிறோம்? அதற்கும் தமிழ்தான் காரணம். உங்கள் இரண்டு தவறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘பிகர்’ரில் எழுத்தைக் குறைத்தீர்கள், ‘சீப்பர்’ரில் கூட்டினீர்கள். இது கவனக்குறைவு இல்லை, உங்கள் காது மிக ஒழுங்காக வேலை செய்திருக்கிறது, ஆனால் தமிழ்க் கணக்கில். தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வல்லினம் தனியாக வந்தால் மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால்தான் வலிந்து ஒலிக்கும். ‘படம்’, ‘பட்டம்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ஆகவே ஒரு வல்லொலி நடுவில் கேட்டவுடனே ‘இங்கே எழுத்து இரண்டு’ என்று நம் காது எண்ணிக்கொள்கிறது, மெல்லிய ஒலி கேட்டால் ‘ஒன்று’ என்று எண்ணிக்கொள்கிறது. சீப்பர், டீப்பர், கிரேட்டர், ஸ்வீட்டர் எல்லாவற்றிலும் நமக்கு இரட்டை கேட்கிறது. ஆங்கிலத்தில் அவை எல்லாமே ஒற்றை. பிகர், சேடர், ரெடர் ஆகியவற்றில் நமக்கு ஒற்றை கேட்கிறது. ஆங்கிலத்தில் அவை எல்லாமே இரட்டை.

அதனால் தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் ‘ஹாட்டர்’, ‘ஃபிட்டர்’ போன்றவை பெரும்பாலும் தப்பித்துவிடும். அங்கே இரு மொழிக் கணக்கும் தற்செயலாக ஒத்துப்போகின்றன. கவனம் வைக்க வேண்டியவை இரண்டு கூட்டம்தான்: ஜி, டி (நாயைக் குறிக்கும் ‘டாக்’ என்பதன் டி) போன்ற மெல்லொலியில் முடியும் குறில் சொற்கள், கே, பி, டி (‘டீ’ என்பதன் டி) போன்ற வல்லொலியில் முடியும் நெடில் சொற்கள். முன்னதில் கூட்டுங்கள், பின்னதில் கூட்டாதீர்கள். மெய்யெழுத்தின் ஒலியைக் கேட்கவே வேண்டாம், அதற்கு முன்னால் இருக்கும் உயிரை மட்டும் கேளுங்கள். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான்.

காதால் கேட்ட பிறகு கண்ணாலும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். விதி வேலை செய்ய, ஒரே உயிரெழுத்தும் ஒரே மெய்யெழுத்தும் கடைசியில் இருக்க வேண்டும். ‘ரிச்’ குறில்தான், ஆனால் சி, எச் என்று ஏற்கெனவே இரண்டு எழுத்து இருக்கிறது. ‘திக்’ என்பதில் சி, கே. ‘ஃபாஸ்ட்’, ‘டார்க்’, ‘ஓல்ட்’ எல்லாவற்றிலும் இரண்டு மெய். இவற்றில் மேலும் கூட்ட எதுவும் இல்லை. ‘டெஃப்’ (காது கேளாத) குறிலாக ஒலித்தாலும் இ, ஏ என்று இரண்டு உயிரெழுத்தில் எழுதப்படுவதால் இரட்டிக்காது. டபிள்யூ, எக்ஸ், ஒய் மூன்றும் எப்போதுமே இரட்டிக்காது. நியூ, ஸ்லோ, லோ எல்லாம் சும்மா ‘இ-ஆர்’ வாங்கிக்கொள்ளும்.

சொல்லுக்கு இரண்டு அசை இருந்தாலும், அதாவது சொல்லும்போது வாய் இரண்டு முறை திறந்தாலும், பொதுவாக இரட்டிப்பு கிடையாது. ‘அவன்’ என்பதோடு ஐ சேர்த்தால் ‘அவனை’ என்கிறோம், ‘அவன்னை’ என்பதில்லை அல்லவா? ‘தனிக்குறில்’ என்று நன்னூல் ‘தனி’யைச் சேர்த்துச் சொன்னது வீணில்லை. ‘காமன்’, ‘க்வயட்’ இரண்டும் ஒரே என், ஒரே டி-யோடுதான் இ-ஆர் ஏற்கும். ‘குரூயல்’ என்ற சொல்லில் மட்டும் பிரிட்டிஷார் எல்-ஐ இரட்டிப்பார்கள், அமெரிக்கர்கள் பெரும்பாலும் இரட்டிக்க மாட்டார்கள். எல் என்றாலே பிரிட்டிஷாருக்கு ஒரு தனிப் பாசம், ‘டிராவலர்’ரிலும் அதே கதை.

இ-யில் முடியும் சொற்களில் குழப்பமே இல்லை. ‘நைஸ்’, ‘லார்ஜ்’, ‘வைட்’ ஆகியவற்றில் இ ஏற்கெனவே இருக்கிறது, ஆர் மட்டும் சேர்த்தால் போதும். ‘ஃப்ரீ’ என்ற சொல்லில் முன்பே இரண்டு இ இருந்தாலும் அப்படித்தான். மூன்று இ எழுத வேண்டாம்.

ஒய்யில் முடிபவை கொஞ்சம் நிதானிக்க வேண்டியவை. மெய்யெழுத்துக்குப் பின் ஒய் வந்தால் அது ஐ ஆகும்: ஹேப்பி, ஈஸி, பிஸி, ஹெவி, எர்லி எல்லாம் ஒய்யை விட்டுவிட்டு ஐ-இ-ஆர் எடுத்துக்கொள்ளும். உயிரெழுத்துக்குப் பின் ஒய் வந்தால் அசையாது, ‘கிரே’ என்ற நிறத்தைப் போல. ஓரசைச் சொற்களில்தான் ஆங்கிலேயர்களே ஒரு முடிவுக்கு வரவில்லை. ‘டிரை’ என்பதற்கு ‘டிரையர்’ ஐ போட்டு வரும், உலர்த்தும் இயந்திரத்துக்குப் பெரும்பாலும் ஒய். ‘ஷை’ என்பதை இரண்டு விதமாகவும் எழுதலாம், ஒய்தான் அதிகம் கண்ணில் படுகிறது. ‘ஸ்லை’ என்பதற்கும் ஒய்யையே வைத்துக்கொள்ளுங்கள், யாரும் வட்டமிட மாட்டார்கள்.

எழுத்துக்கூட்டல் இதோடு முடிந்தது. அடுத்தது ‘இ-ஆர்’ரா, ‘மோர்’ரா என்பது. இதற்கு அசையை எண்ண வேண்டும், அதாவது ஒரு சொல்லைச் சொல்லும்போது வாய் எத்தனை முறை திறக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருமுறை என்றால் இ-ஆர். மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் மோர். ‘பியூட்டிஃபுல்’, ‘எக்ஸ்பென்சிவ்’, ‘இம்பார்ட்டன்ட்’ எல்லாம் மோர். ‘அன்ஹேப்பி’ மூன்று அசையாக இருந்தும் இ-ஆர் வாங்கும், ஏனென்றால் முன்னால் ஒட்டிய ‘அன்’ கணக்கில் வராது.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்தில் விகுதி மட்டும்தான், சொல் குட்டையோ நெட்டையோ கடைசியில் ஒட்ட வேண்டியதுதான். ‘மோர்’ போட்டுச் சொல்லும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் தலைகாட்டுகிறது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் நீளமான சொற்கள் வந்து குவிந்தன. அவற்றின் முதுகில் விகுதியையும் ஏற்றுவதைவிட முன்னால் ஒரு சொல்லைப் போடுவது வாய்க்கு எளிதாக இருந்தது. இன்றும் குட்டையான, வீட்டுப் புழக்கத்துச் சொற்கள் விகுதியையும் நீளமான, படிப்பு வாசனை அடிக்கும் சொற்கள் மோரையும் எடுப்பதைக் காணலாம்.

நடுவே இருக்கும் இரண்டசைச் சொற்கள்தான் தகராறு. இவற்றில் ஒய்யில் முடிபவை கண்ணை மூடிக்கொண்டு ஐ-இ-ஆர். எல்-இ என்று முடியும் சிம்பிள், ஜென்டில், ஓ-டபிள்யூ என்று முடியும் நேரோ, ஷேலோ ஆகியவையும் பெரும்பாலும் விகுதியை விரும்பும். ‘கேர்ஃபுல்’, ‘யூஸ்ஃபுல்’, ‘ஃபேமஸ்’, ‘மாடர்ன்’ ஆகியவற்றுக்கு மோர்தான். வினையிலிருந்து வந்து இ-டி, ஐ-என்-ஜி என்று முடிபவையும் மோர்: போரிங், டயர்ட். ‘பொலைட்’, ‘காமன்’, ‘கிளெவர்’, ‘க்வயட்’, ‘ஸ்டுப்பிட்’ இரண்டு பக்கமும் போகும். சந்தேகம் வந்தால் இரண்டசைச் சொல்லுக்கு மோர் போடுங்கள். ‘மோர் க்வயட்’ என்று எழுதினால் சற்று விறைப்பாகத் தோன்றலாம், தவறாகாது. ‘யூஸ்ஃபுலர்’ என்று எழுதினால் தப்பவே முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள்: எல்-ஒய்யில் முடிவதெல்லாம் ஒன்றல்ல. ‘ஃப்ரெண்ட்லி’, ‘லோன்லி’, ‘எர்லி’ ஆகியவை ஐ-இ-ஆர் ஏற்கும். ‘க்விக்லி’, ‘ஸ்லோலி’ போன்று ஒரு பண்புச்சொல்லோடு எல்-ஒய் ஒட்டி உருவான வினையடைகள் ஏற்கா, அவற்றுக்கு மோர்.

இனி உங்கள் ‘மோர் ஈஸியர்’. தமிழில் ஒப்பிடும்போது பண்புச்சொல் உருமாறுவதே இல்லை. ‘இது சுலபம்’, ‘இது அதைவிடச் சுலபம்’, ‘இது இன்னும் சுலபம்’. எல்லா இடத்திலும் ‘சுலபம்’ அப்படியே நிற்கிறது, வேலையைச் செய்வது பக்கத்தில் வரும் ‘விட’வும் ‘இன்னும்’மும். இந்தப் பழக்கத்தில் ஆங்கிலம் எழுதும்போதும் பக்கத்தில் ஒரு சொல் இல்லாவிட்டால் ஏதோ குறைவதுபோலத் தோன்றி, கை தானாக ‘மோர்’ எழுதிவிடுகிறது. இ-ஆர் ஏற்கெனவே அந்த வேலையை முடித்துவிட்டது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம்.

மேலதிகாரி ரொம்ப முறைத்தால் மனசுக்குள் சொல்லிக்கொள்ள ஒரு தகவல்: ஷேக்ஸ்பியர் காலத்தில் இது குற்றமே இல்லை. ஜூலியஸ் சீசர் நாடகத்தில் புரூட்டஸ் குத்திய குத்தைப் பற்றி ஆன்டனி பேசும்போது ‘மோஸ்ட் அன்கைண்டஸ்ட்’ என்றுதான் வருகிறது. 18ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள்தான் இந்த இரட்டைப் பூட்டைத் தவறு என்று அடித்துச் சொன்னார்கள். அது நிலைத்துவிட்டது. இன்றைய அறிக்கையில் ஷேக்ஸ்பியரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

ஆனால் அழுத்தம் வேண்டியிருக்கிறதே, ‘ரொம்பவே சுலபம்’ என்று சொல்ல வேண்டுமே என்றால், ‘மச் ஈஸியர்’ என்று எழுதுங்கள். ‘ஃபார் ஈஸியர்’ என்றும் சொல்லலாம், ‘கொஞ்சம்’ என்பதற்கு ‘எ பிட் ஈஸியர்’ அல்லது ‘ஸ்லைட்லி’. ‘மோர் பெட்டர்’ தவறு, ‘மச் பெட்டர்’ சரி. ‘வெரி’ மட்டும் கம்பேரட்டிவுக்கு முன் வராது. ‘டால்’ (உயரமான) என்ற சொல்லை ‘வெரி டாலர்’ என்று எழுதுபவர்கள் பலர், அது ‘மச் டாலர்’ என்று இருக்க வேண்டும். குறைத்துச் சொல்ல ‘லெஸ்’ இருக்கிறதே என்று ‘லெஸ் சீப்பர்’ எழுதிவிடாதீர்கள். குட்டைச் சொற்களில் ‘நாட் ஆஸ் சீப் ஆஸ்’ என்று போவதுதான் இயல்பு.

உங்கள் மகளின் ‘ஃபன்னர்’ருக்கு வருவோம். ஓரசைச் சொற்களில் சில, கணக்குப்படி இ-ஆர் ஏற்க வேண்டியவை, ஆனால் ஏற்பதில்லை. ‘ரியல்’, ‘ராங்’, ‘ரைட்’ ஆகியவை அப்படி. ‘மோர் ரியல்’, ‘மோர் ராங்’ என்றே எழுதுகிறோம். ‘ஃபன்’ நெடுங்காலம் பெயர்ச்சொல்லாகவே இருந்து, பிற்பாடு பண்புச்சொல்லாக நுழைந்தது. அதனால் ‘மோர் ஃபன்’ என்பதே எழுத்தில் வழக்கம். ஆனால் குழந்தைகள் விதியைத் தாங்களே கண்டுபிடித்துப் பொருத்துகிறார்கள், உங்கள் மகள் செய்திருப்பது அதைத்தான். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ‘சில சமயம்’ என்ற குறிப்போடு ‘ஃபன்னர்’ரைச் சேர்த்திருக்கிறது. வீட்டில் பேசும்போது திருத்த வேண்டாம். தேர்வில் மட்டும் ‘மோர் ஃபன்’ என்று எழுதச் சொல்லுங்கள். என்-ஐ அவள் இரட்டித்து எழுதினால் அதற்கு ஒரு சபாஷ் போடலாம், குறில் விதிப்படி அது மிகச் சரி.

குட், பேட், ஃபார், லிட்டில், மச் என்ற விதி மீறும் கூட்டம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், அதை விட்டுவிடுகிறேன். ஒரு சுவாரசியம் மட்டும்: நாம் சாதாரணச் சொல் என்று நினைக்கும் ‘லாஸ்ட்’, ஒரு காலத்தில் ‘லேட்’டின் சூப்பர்லேட்டிவ். ‘நை’ என்ற பழைய சொல்லுக்குக் கம்பேரட்டிவாக இருந்ததுதான் ‘நியர்’, சூப்பர்லேட்டிவாக இருந்தது ‘நெக்ஸ்ட்’. அந்த உறவு மறந்துபோனதால் இன்று ‘நியர்’ருக்கே இன்னொரு இ-ஆர் போட்டு ‘நியரர்’ என்கிறோம்.

இந்தக் கூட்டத்தில் நம்மவர்கள் அதிகம் தவறுவது ‘எல்டர்’ என்ற சொல்லில். ‘எல்டர் டு மீ’, ‘எல்டர் தேன் மீ’ இரண்டுமே எழுத்து ஆங்கிலத்தில் ஒத்துக்கொள்ளப்படுவதில்லை. ‘எல்டர்’ குடும்ப உறவைச் சொல்லும் சொல், பெயருக்கு முன்னால் நிற்கும்: எல்டர் பிரதர், எல்டர் சிஸ்டர். வயதை ஒப்பிட ‘ஓல்டர் தேன்’. ‘டு’ எடுப்பவை வேறு: சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர். இவை லத்தீனில் கம்பேரட்டிவாகவே பிறந்தவை. அதனால்தான் ‘சுப்பீரியர் தேன்’ என்று எழுதினால் உறுத்துகிறது, ‘மோர் சுப்பீரியர்’ என்றால் இன்னும் உறுத்துகிறது. ‘தேன்’ என்பதை ஏ போட்டு எழுதுங்கள். இ போட்டால் அது ‘பிறகு’ என்று பொருள் தரும் ‘தென்’.

சூப்பர்லேட்டிவில் இரண்டு பிழைதான் திரும்பத் திரும்ப வருகிறது. முன்னால் ‘தி’ போட மறப்பது ஒன்று. ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட்’ என்று தொடங்கிவிட்டு அடுத்த பெயரை ஒருமையில் முடிப்பது மற்றொன்று. பலரில் ஒருவர் என்றுதானே சொல்கிறோம், ஆகவே பன்மை: ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட் டீச்சர்ஸ்’. ஒப்பிடுவது இரண்டே இரண்டை என்றால் சூப்பர்லேட்டிவ் வேண்டாம், ‘தி பெட்டர் ஆஃப் தி டூ’ என்று கம்பேரட்டிவே போதும். பேச்சில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அறிக்கை என்பதால் சொல்கிறேன்.

‘பெர்ஃபெக்ட்’, ‘யுனீக்’ போன்றவற்றுக்கு மோர் போடலாமா என்று அடுத்து யாராவது உங்களை மடக்குவார்கள். முழுமைக்கு மேல் முழுமை ஏது என்பது அவர்கள் வாதம். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரை, ‘மோர் பெர்ஃபெக்ட் யூனியன்’ ஒன்றை அமைப்பதற்காக என்றுதான் தொடங்குகிறது. முழுமையை நோக்கி மேலும் நெருங்குவது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். என்னைக் கேட்டால் ‘மோர் பெர்ஃபெக்ட்’டை விட்டுவிடுவேன், ‘மோர் யுனீக்’கைத் திருத்துவேன். இதில் திருத்துபவருக்குத் திருத்துபவர் கருத்து வேறுபடும், உங்கள் மேலதிகாரியின் கருத்து எதுவோ அதையே எழுதிவிடுங்கள்.

இன்னும் ஒரு நுட்பம். ஒரே ஆளின் இரண்டு குணங்களை ஒப்பிடும்போது குட்டைச் சொல்லுக்கும் மோர்தான். ‘கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்’ என்று சொல்ல ‘மோர் சேட் தேன் ஆங்ரி’ என்று எழுத வேண்டும், ‘சேடர்’ என்று எழுதினால் வேறு யாரையோவிட வருத்தம் அதிகம் என்று ஆகிவிடும். ‘வெல்-நோன்’ போன்ற இணைச்சொற்களில் முதல் பாதி மாறும்: ‘பெட்டர்-நோன்’, ‘பெஸ்ட்-நோன்’.

இதற்கு மேலும் ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டுங்கள். ஆனால் பொருளைப் பார்க்காமல் தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் பாருங்கள். மாணவர்களுக்கென்று தயாரித்த நல்ல ஆங்கில அகராதிகளில், இ-ஆர் ஏற்கும் சொல்லாக இருந்தால் அந்த இரண்டு வடிவங்களும் அங்கேயே எழுத்துக்கூட்டலோடு அச்சிடப்பட்டிருக்கும். அங்கே ஒன்றுமே இல்லாவிட்டால் பெரும்பாலும் மோர் போட வேண்டிய சொல் என்று எடுத்துக்கொள்ளலாம். கணினியின் சிவப்புக் கோடு ‘பிகர்’ரில் ஒரு ஜி குறைந்தால் காட்டிக்கொடுக்கும், ‘மோர் ஈஸியர்’ரில் அதற்கு வேலையில்லை, ஏனென்றால் இரண்டு சொல்லும் தனித்தனியே சரியானவை. இலக்கணம் பார்க்கும் வசதியும் உங்கள் மென்பொருளில் இருந்தால் அதைத் தனியாக இயக்கி வைத்துவிட்டு, அறிக்கையை அனுப்பும் முன் ‘மோர்’ என்ற சொல்லை மட்டும் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு மோருக்கும் அடுத்த சொல் இ-ஆரில் முடிகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.